பாவலர் பிரதர்ஸ்: ஏலமலை அடிவாரத்து இசைக்குழு

பாவலர் பிரதர்ஸ், 1950களின் பிற்பகுதியிலிருந்து 1960களின் இறுதிவரை தமிழகத்திலும் கேரளத்தின் தமிழ் பேசும் மலைப்பகுதிகளிலும் மேடைக் கச்சேரிகள் நடத்திய இசைக்குழு. இன்றைய தேனி மாவட்டத்தைச் சேர்ந்த பண்ணைப்புரம் இதன் ஊர். பாவலர் வரதராஜன் குழுவின் தலைவர், பாடலாசிரியர், முதன்மைப் பாடகர். அவருடைய தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் ஆகியோர் வாசித்தும் உடன் பாடியும் குழுவை நடத்தினர். ராசய்யா பின்னாளில் இளையராஜா என்றும், அமர்சிங் கங்கை அமரன் என்றும் அறியப்பட்டனர். பாஸ்கர், ஆர்.டி. பாஸ்கர் என்ற பெயரில் திரைப்படத் தயாரிப்பாளர் ஆனார்.

இளையராஜாவின் வாழ்க்கை வரலாறுகளில் இந்தக் குழு ஒரு முன்கதையாக, பெரும்பாலும் ஒரே பத்தியில் வந்து போகிறது. தனியாக எடுத்துப் பார்க்கத்தக்க வரலாறு இதற்கு உண்டு. ஒரு வீட்டின் சகோதரர்கள் சேர்ந்து அமைத்த, நிறுவன ஆதரவு எதுவுமற்ற, சொந்த வட்டாரத்தின் பிரச்சினைகளைச் சொந்தச் சொற்களில் பாடிய குழு இது. பிற்காலத்தில் 'சுயாதீன இசைக்குழு' என்று சொல்லப்பட்டதன் இலக்கணங்களில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் இதற்குப் பொருந்தும். அந்த ஒன்று, கடையில் விலைக்குக் கிடைக்கும் முதல் ஒலிப்பதிவு.

மலையும் அடிவாரமும்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவுக்குக் கீழே இருக்கிறது. ஏலக்காய் விளைவது பெரும்பாலும் மலைக்கு மேலே, கேரளத்தின் உடும்பன்சோலை வட்டாரத்தில். அதை வாங்கி, தரம் பிரித்து, ஏலம் விட்டு வெளியூர்களுக்கு அனுப்பும் வணிகத்தில் போடிக்குப் பெரும் பங்கு உண்டு. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இன்றும் போடியிலும் கேரளத்தின் புற்றடியிலுமாக நடக்கிறது. விளைச்சல் ஒரு மாநிலத்தில், சந்தை இன்னொரு மாநிலத்தில், வேலைக்குப் போகும் ஆட்கள் இரண்டுக்கும் நடுவில் என்பதுதான் இந்த வட்டாரத்தின் அமைப்பு.

மூணாறின் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட வழியாகப் போடிக்கு மேற்கே உள்ள கொட்டகுடிக்கு இறங்கியது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயில்பாதையை 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அழித்தது. மதுரையிலிருந்து போடிக்கு 1928இல் மீட்டர் கேஜ் ரயில் வந்தது. அந்தப் பாதை அகலப்படுத்தும் பணிக்காக 2010இல் மூடப்பட்டு, 2023இல்தான் போடிவரை மீண்டும் திறக்கப்பட்டது.

பொருட்கள் இறங்கிய வழிகளில் மனிதர்கள் ஏறினார்கள். போடி மெட்டு, சாக்குலூத்து மெட்டு, ராமக்கல் மெட்டு, கம்பம் மெட்டு என்று அடிவாரத்து ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மெட்டு உண்டு. மலையின் ஏற்றம் முடிந்து சமதளம் தொடங்கும் இடத்தை இந்தப் பக்கம் மெட்டு என்பார்கள். பாட்டின் மெட்டும் இதே சொல்லாக இருப்பது தற்செயல்தான். ஆனாலும் இந்த வட்டாரத்தில் இரண்டு மெட்டுகளையும் ஏறி இறங்கியவர்கள் ஒரே மனிதர்கள்.

பண்ணைப்புரம், போடியிலிருந்து தேவாரம் வழியாகத் தெற்கே கோம்பை, உத்தமபாளையம் நோக்கிச் செல்லும் மலையோரச் சாலையில் உள்ளது. தேனி தனி மாவட்டமாகும் முன்பு, 1996வரை, இது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வரதராஜன் சகோதரர்களின் தந்தை ராமசாமி மலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். தாய் சின்னத்தாயம்மாள். வரதராஜன், ராமசாமியின் மூத்த தாரத்து மகன். தந்தையின் மறைவுக்குப் பிறகு குடும்பம் வறுமைக்குள்ளானது. ராசய்யாவின் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் கட்டுமானப் பணியில் சிறுவனாகக் கூலி வேலை செய்ததை இளையராஜா பின்னாளில் பல மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

கட்சியும் பாட்டும்

வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சியின் மேடைப் பாடகராக அறிமுகமானவர். 'பாவலர்' என்பது அவருடைய பாட்டுத்திறனுக்காக அமைந்த பட்டம். பின்னர் அதுவே பெயராகவும், குழுவின் பெயராகவும், இறுதியில் ஒரு திரைப்பட நிறுவனத்தின் பெயராகவும் ஆனது.

அந்தக் காலத்தின் கம்யூனிஸ்ட் மேடைக்குப் பாட்டு கூடுதல் அலங்காரமாக இருக்கவில்லை. எழுத்தறிவு குறைந்த, நாள் முழுவதும் உழைத்துவிட்டு வரும் கூட்டத்தை இரவு பத்து மணிவரை உட்கார வைக்க வேண்டும். பேச்சாளர் வர நேரமாகும். வந்த பிறகும் எல்லாப் பேச்சும் எல்லோருக்கும் புரிவதில்லை. 1943இல் உருவான இந்திய மக்கள் நாடக மன்றம் நாடெங்கும் காட்டிய வழி இது. தமிழில் ப. ஜீவானந்தம் மேடைப் பேச்சோடு பாட்டையும் இயக்கத்தின் கருவியாக்கினார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் அதே இயக்கச் சூழலிலிருந்து திரைப்பாடலுக்குப் போனார். 1959இல், முப்பது வயதை எட்டும் முன்பே, அவர் மறைந்தார். வரதராஜன் இந்த வரிசையில் வருபவர். ஆனால் அவருடைய களம் திரைக்கு வெளியே, பொதுக்கூட்ட மேடையிலேயே இருந்தது.

கேரளத்திலும் இதே காலத்தில் கே.பி.ஏ.சி. என்ற மக்கள் கலைக்கழகம் பெரும் செல்வாக்கோடு இயங்கியது. 1952இல் அரங்கேறிய 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' நாடகத்தின் பாடல்கள் மலையாளிகளின் வீடுதோறும் சென்றன. ஓ.என்.வி. குறுப்பு எழுதி, ஜி. தேவராஜன் இசையமைத்த அந்தப் பாடல்களின் வெற்றிக்கு நாடகம் மட்டும் காரணமில்லை. கே.பி.ஏ.சி.யின் பாடல்கள் இசைத்தட்டுகளாகவும் வந்தன. நாடகம் வராத ஊருக்கும் பாட்டு போய்ச் சேர்ந்தது. பாவலர் குழுவோடு ஒப்பிடும்போது இந்த வேறுபாடு முக்கியமானது. கொள்கை ஒன்று, மலை ஒன்று. பதிவு மட்டும் ஒரு பக்கத்தில்தான் பெரிய அளவில் நடந்தது.

தேவிகுளம் இடைத்தேர்தல், 1958

குழுவின் வரலாற்றில் தெளிவான ஆண்டோடு நிற்கும் முதல் நிகழ்ச்சி தேவிகுளம் சட்டமன்ற இடைத்தேர்தல். அதன் பின்னணியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு சேர்க்கப்பட்டன. அவற்றைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்று நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம் இந்த வட்டங்களைப் பொறுத்தவரை பலிக்கவில்லை. அடுத்த ஆண்டு கேரளத்தில் நடந்த முதல் பொதுத்தேர்தலில் 126 இடங்களில் 60ஐ வென்ற கம்யூனிஸ்ட் கட்சி, தன் ஆதரவு பெற்ற சுயேச்சைகளையும் சேர்த்துக்கொண்டு இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையில் ஆட்சி அமைத்தது. தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸ் புதிய சட்டமன்றத்தின் தற்காலிக அவைத்தலைவராகவும் இருந்தார். ஆனால் எதிர்த்தரப்பு வேட்பாளர் ஒருவரின் மனு தவறாக நிராகரிக்கப்பட்டது என்று தேர்தல் தீர்ப்பாயம் முடிவு செய்ததால் அவருடைய வெற்றி செல்லாமல் போனது.

1958இல் இடைத்தேர்தல் வந்தது. ஆட்சியின் பெரும்பான்மை மெலிதாக இருந்ததால் ஒரு தொகுதியின் முடிவுக்கு நாடு தழுவிய கவனம் கிடைத்தது. கட்சியின் தேர்தல் பணிக்கு வி.எஸ். அச்சுதானந்தன் பொறுப்பேற்றார். வாக்காளர்களில் பெரும்பகுதியினர் தேயிலை, ஏலத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள். மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் பகுதிகளிலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறியவர்களின் பிள்ளைகள் அவர்கள். வாக்குக் கேட்ட தலைவர்களில் பெரும்பாலோர் பேசியது மலையாளம்.

இந்த இடைவெளியில்தான் பண்ணைப்புரத்துப் பாடகரின் தேவை எழுந்தது. வரதராஜன் மலைமேல் அழைக்கப்பட்டு, தோட்டம் தோட்டமாகப் பாடினார். காங்கிரஸின் அன்றைய சின்னமான இரட்டைக் காளையைக் கேலி செய்த அவருடைய பாட்டு பரவலாக நினைவில் நிற்கிறது. கேட்டவர்களுக்கு அவருடைய தமிழ் தங்கள் ஊர்த் தமிழ். தாளம் தெம்மாங்கும் கும்மியும் கேட்டுப் பழகிய காதுக்கு ஏற்றது. பாட்டில் வரும் மலைப்பாதையை அவர்கள் தங்கள் காலால் நடந்து அறிந்திருந்தார்கள்.

ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். வெற்றிக்கூட்டத்தில் முதலமைச்சர் இந்த வெற்றியைப் பாவலருக்கே உரியதாக்கினார் என்று அவருடைய தம்பிகள் பின்னாளில் சொல்லி வந்திருக்கிறார்கள். குடும்பத்தின் நினைவாக அதை மதிக்கலாம். தேர்தலின் கணக்காக எடுத்துக்கொண்டால் அது மிகை. தொழிற்சங்கக் கிளைகளின் பலம், ஆளுங்கட்சியின் முழு உழைப்பு, எதிர்த்தரப்பின் பலவீனங்கள் எல்லாம் சேர்ந்த முடிவு அது. பாட்டு செய்த வேலை அளவில் சிறியது, ஆனால் வேறு எவராலும் செய்ய முடியாதது: மலையாளத்தில் சிந்தித்த ஒரு பிரசாரத்தைத் தமிழ்க் காதுக்குக் கொண்டு சேர்த்தது.

பாட்டில் வாக்களிக்கப்பட்ட விடியல் மலைக்கு அவ்வளவு எளிதில் வரவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதே ஆண்டின் பிற்பகுதியில் மூணாறுத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தமும், கம்யூனிஸ்ட் ஆட்சியின் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. 1959 ஜூலை 31 அன்று மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது.

குழு அமைந்த விதம்

ராசய்யா ஏறத்தாழ பதினான்கு வயதில் அண்ணனோடு மேடையேறத் தொடங்கினார். பெண்குரலில் பாடுவது அவருக்கு முதலில் கிடைத்த இடம். ஊர் ஊராகப் போகும் கட்சிக் குழுவில் பாடகிகள் சேர்வது அரிதாக இருந்த காலம் அது. இருவர் மாறி மாறிப் பாடும் பாட்டுக்கு மீசை முளைக்காத தம்பி பயன்பட்டார். குரல் உடைந்த பிறகு ஆர்மோனியம் அவர் கைக்கு வந்தது. பாஸ்கர் தபேலா வாசித்தார். அமர்சிங் இளையவர், பின்னால் சேர்ந்துகொண்டார். ஏறத்தாழ பத்தாண்டுகள் இவர்கள் தமிழகம் முழுவதும் சுற்றினார்கள்.

குழுவின் பாடல்களில் ஒரு பகுதி, மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த திரைப்பாடல் மெட்டுகளில் புதிய சொற்களை வைத்துக் கட்டியவை. இதைச் சிலர் தரக்குறைவாகப் பார்ப்பதுண்டு. மேடையின் தேவை தெரிந்தவர்கள் அப்படிப் பார்க்க மாட்டார்கள். தெரிந்த மெட்டு என்றால் கூட்டம் முதல் அடியிலேயே உள்ளே வந்துவிடும். மெட்டைப் பழக நேரம் போகாது. கவனம் சொல்லில் நிற்கும். காதலைப் பேசிய மெட்டில் கூலி உயர்வைப் பேசும்போது, பழைய சொல்லும் புதிய சொல்லும் கேட்பவர் மனத்தில் மோதிக்கொள்ளும். அந்த மோதலில்தான் சிரிப்பு பிறந்தது. காவடிச்சிந்து மெட்டில் வேறு வேறு பாட்டுகளைக் கட்டிய பழக்கம் தமிழுக்கு முன்பே உண்டு. வரதராஜன் அதைச் சினிமா மெட்டுக்கு விரித்தார்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு விலை இருந்தது. இரவல் மெட்டில் அமைந்த பாட்டை அச்சடித்துச் சிறு புத்தகமாக விற்கலாம். இசைத்தட்டாக விற்பது கடினம், மெட்டு இன்னொருவருக்கு உரியது. தேர்தல் பாட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வாக்கு எண்ணி முடிந்த மறுநாள் அதன் வேலை முடிந்துவிடுகிறது. அன்றைய இசைத்தட்டு வணிகம் கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் அச்சடிக்கப்பட்டு, சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் தீர்மானிக்கப்பட்ட ஒன்று. திரைப்பாடலும் சபா வித்வான்களும் பக்திப் பாடகர்களும் நிரப்பிய அந்தப் பட்டியலில் மலையடிவாரத்துக் கட்சிப் பாடகருக்கு இடம் கிடைப்பது எளிதல்ல. ஆக, மைக் செட்காரரின் கூம்பு ஒலிபெருக்கி வழியாகப் போனதுதான் அவர்களின் வெளியீடு. ஒரு கூட்டம், ஒரு இரவு, அவ்வளவே.

ராசய்யா தாமாக அமைத்த முதல் மெட்டு, கட்சிப் பாட்டு ஒன்றுக்கானதல்ல என்பது கவனிக்கத்தக்கது. 1964இல் ஜவஹர்லால் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு அவர் இசையமைத்தார். அதே ஆண்டில் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாகப் பிளந்தது. அண்ணனின் மேடையில் வளர்ந்த தம்பி, அந்த மேடை எதிர்த்துப் பாடிய கட்சியின் தலைவருக்கான இரங்கலில் தன் இசையமைப்பைத் தொடங்கினார்.

லிவர்பூலில் ஒரு வீடு

ராக் இசைக்குழு என்று பாவலர் பிரதர்ஸை யாரும் அழைத்ததில்லை, அழைக்கவும் வேண்டாம். எனினும் அதே 1958இல், ராக் இசை வரலாற்றில் மிகவும் பேசப்படும் 'முதல் பதிவு' ஒன்று நடந்தது. அதை அருகில் வைத்துப் பார்த்தால் பண்ணைப்புரத்தின் நிலைமை தெளிவாகும்.

1956இல் லோனி டோனகன் பாடிய பாட்டொன்றின் வெற்றியால் இங்கிலாந்தில் ஸ்கிஃபிள் என்ற எளிய இசை பரவியது. மலிவான கிதார், துணி துவைக்கும் தகர பலகை, தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டிய பேஸ் ஆகியவற்றை வைத்துப் பள்ளிப் பிள்ளைகள் குழு அமைத்தார்கள். கீழைநாட்டுத் தோட்டங்களிலிருந்து தேயிலை ஏற்றிச் சென்ற பெட்டிகள் அப்படி வாத்தியமாயின. லிவர்பூலின் 'குவாரிமென்' அத்தகைய ஒரு குழு. 1958 ஜூலை 12 அன்று ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ஜான் லோ, காலின் ஹாண்டன் ஆகிய ஐவரும் பெர்சி பிலிப்ஸ் என்பவரின் வீட்டுக்குப் போனார்கள். அவர் தம் வீட்டு அறையில் ஒலிப்பதிவு இயந்திரம் வைத்திருந்தார். கையிலிருந்த சில ஷில்லிங்குகளுக்கு இரண்டு பாட்டுகள் ஒரு தட்டில் வெட்டப்பட்டன. ஒன்று பட்டி ஹாலியின் பாட்டு, அதாவது இரவல். மற்றொன்று சொந்தமாக எழுதியது.

கிடைத்தது ஒரே ஒரு தட்டு. ஐவரும் முறை வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். கடைசியாக வாங்கிப் போன ஜான் லோவிடம் அது இருபது ஆண்டுகளுக்கு மேல் தங்கிவிட்டது. 1981இல் மெக்கார்ட்னி அதை விலைக்கு வாங்கினார். 1995இல் பீட்டில்ஸ் குழுவின் பழைய பதிவுகளின் தொகுப்பில் அந்தப் பாட்டுகள் வெளிவந்தன.

இரண்டு குழுக்களுக்கும் பொதுவானவை பல. இரண்டும் இளைஞர்களால் நடத்தப்பட்டவை, இரண்டும் இரவல் பாட்டில் கை பழகியவை, இரண்டுக்கும் வாத்தியம் வாங்குவதே பாடு. வேறுபாடு, நடந்து போகும் தூரத்தில் ஒரு பெர்சி பிலிப்ஸ் இருந்தாரா என்பதில் இருக்கிறது. போடியிலும் தேனியிலும் மைக் செட் வாடகைக்குக் கிடைத்தது. ஒரு குழு பணம் கொடுத்து தன் பாட்டைத் தட்டில் வெட்டிக்கொண்டு போகும் வீடு அங்கே இல்லை. 'ஒரு குழுவின் முதல் பதிவு' என்று இசை வரலாறுகள் கொண்டாடுவதில் பாதி, அந்த ஊரில் யார் என்ன இயந்திரம் வைத்திருந்தார் என்ற செய்திதான்.

சென்னைக்குப் போனவர்கள்

1960களின் இறுதியில் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் மூவரும் சென்னை சென்றனர். 1968 என்ற ஆண்டு பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை விற்று, தாய் சின்னத்தாயம்மாள் நானூறு ரூபாயைக் கொடுத்தனுப்பியதை இளையராஜா பலமுறை சொல்லியிருக்கிறார். அல்லிநகரத்திலிருந்து வந்து சினிமாவில் வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்த பாரதிராஜா சென்னையில் அவர்களுக்குத் துணையாக இருந்தார். நாடகங்களுக்கு வாசிப்பது முதல் வருமானம்.

மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் ராசய்யா மேற்கத்திய இசையைக் குறிப்பெழுத்தோடு கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் தேர்வை எழுதித் தேறினார். சலில் சௌத்ரி உள்ளிட்ட இசையமைப்பாளர்களுக்குக் கிதார் வாசித்தார். கன்னடத் திரையில் பெயர் பெற்ற ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். அண்ணன் வரதராஜன் 1970களின் முற்பகுதியில் காலமானார். தம்பியின் முதல் படம் வெளிவருவதை அவர் பார்க்கவில்லை.

அந்தப் படம் 1976இல் வந்த 'அன்னக்கிளி'. தேவராஜ்–மோகன் இயக்கம், பஞ்சு அருணாசலம் தயாரிப்பு. கதையாசிரியர் ஆர். செல்வராஜ் வழியாகப் பஞ்சு அருணாசலத்துக்கு அறிமுகமான ராசய்யா, வாத்தியம் எதுவும் இல்லாமல் மேசையில் தாளம் தட்டி மெட்டுகளைப் பாடிக் காட்டினார் என்பது இருதரப்பும் சொன்ன செய்தி. மேடைக் குழுவில் வளர்ந்தவருக்கு அது புதிய வேலை இல்லை. 'ராஜா' என்று தன்ராஜ் மாஸ்டர் அழைத்து வந்த பெயருக்கு முன்னால் 'இளைய' என்ற அடையைச் சேர்த்தவரும் பஞ்சு அருணாசலம். எஸ். ஜானகி பாடிய முதல் பாடலின் பதிவன்று மின்சாரம் நின்றுபோனது தமிழ்த் திரையுலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. பதினெட்டு ஆண்டுகள் மைக்குக்கு முன் நின்ற பிறகு கிடைத்த சொந்தப் பதிவு அது.

'அன்னக்கிளி' கிராமிய இசையைத் திரைக்குக் கொண்டுவந்தது என்று எழுதுவது வழக்கம். இந்தக் கூற்றுக்கு ஒரு திருத்தம் தேவை. வயலிலோ ஏலத்தோட்டத்திலோ பாடப்பட்ட பாட்டு அப்படியே திரைக்கு வரவில்லை. நடுவில் பத்தாண்டு மேடை இருந்தது. அந்த மேடையில் தெம்மாங்கு ஆர்மோனியத்தின் கட்டைக்குள் வந்தது, தபேலாவின் தாளத்துக்குப் பழகியது, ஒரே கூம்பு ஒலிபெருக்கியில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொல்லை வெட்டித் தெளிவாக்கியது, சினிமா மெட்டோடு பக்கத்துப் பக்கத்தில் நின்று அதன் கட்டமைப்பைக் கற்றது. எந்த இடத்தில் கூட்டம் கைதட்டும், எந்த இடத்தில் எழுந்து போகும் என்பதும் அங்கே தெரிந்தது. 1976இல் தமிழ் ரசிகர்கள் 'கிராமம்' என்று கேட்டது, பாவலர் பிரதர்ஸின் மேடையில் சலித்தெடுக்கப்பட்ட கிராமத்தை. அதன்மேல் தன்ராஜ் மாஸ்டரின் பாடமும் சென்னையின் கிதார், டிரம்ஸ் கலைஞர்களும் சேர்ந்தார்கள். சில ஆண்டுகளில் 'சகலகலா வல்லவன்' (1982) படத்தின் புத்தாண்டுப் பாடலில் அதே இசையமைப்பாளர் முழு ராக் அண்ட் ரோல் அமைத்தபோது, அவரைக் கிராமத்து இசைக்காரர் என்று ஒதுக்கியவர்கள் சற்றுத் திகைத்திருக்க வேண்டும்.

தம்பிகள் அண்ணனின் பெயரைப் 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்ற தயாரிப்பு நிறுவனத்தில் வைத்தார்கள். பாரதிராஜா இயக்கிய 'அலைகள் ஓய்வதில்லை' (1981) இதன் படம். கங்கை அமரன் 'கோழி கூவுது' (1982) வழியாக இயக்குநரானார். கரகக் கலைஞர்களின் மேடை வாழ்க்கையைச் சொன்ன அவருடைய 'கரகாட்டக்காரன்' (1989), இரவு நிகழ்ச்சிக்குப் பெட்டி படுக்கையோடு ஊர் ஊராகப் போகும் குழுவின் பாடுகளை வேடிக்கையோடு காட்டியது. அதை எழுதி இயக்கியவர் அந்த வாழ்க்கையில் இருந்தவர்.

வீட்டுக்குள் வந்த இயந்திரம்

பாவலர் காலத்துக்குக் கிடைக்காத வசதி பிறகு படிப்படியாக வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடா, 1980களில் தமிழகத்தின் சிற்றூர்களையும் எட்டியது. நாட்டுப்புறப் பாடகர்களும் கட்சிப் பாடகர்களும் திரைக்கு வெளியே பதிவு செய்து விற்க முதன்முறையாக வழி பிறந்தது. 1979இல் டீயாக் நிறுவனம் ஒலிநாடாவிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதியும் சிறு கருவியை விற்கத் தொடங்கியது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அத்தகைய கருவியில் தம் வீட்டில் பதிந்த பாடல்களே 1982இல் 'நெப்ராஸ்கா' என்ற தொகுப்பாக வந்தன. முறையான கூடத்தில் மீண்டும் பதிந்து பார்த்தும் வீட்டுப் பதிவின் உயிர் வரவில்லை என்று அதையே வெளியிட்டார்கள்.

தமிழில் இந்த மாற்றத்தின் அடையாளமாக நிற்பது 1989இல் ஏ.ஆர். ரகுமான் தம் வீட்டை ஒட்டிக் கட்டிய பஞ்சதன் பதிவகம். சென்னையின் ராக் குழுக்களில் விசைப்பலகை வாசித்தவர், இளையராஜாவின் குழுவிலும் இருந்தவர். 'ரோஜா' (1992) பாடல்கள் அந்த வீட்டுப் பதிவகத்தில் உருவானவை. கணினி மலிவான பிறகு பதிவகம் என்பது ஒரு மடிக்கணினியும் ஒரு மைக்கும் என்றாகிவிட்டது.

அரசியல் பாட்டுக் குழு என்ற வகையில் பாவலர் பிரதர்ஸுக்கு அருகில் வைக்கத்தக்க பிற்காலக் குழு 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முன்னெடுப்பில், இசைக்கலைஞர் டென்மாவின் ஒருங்கிணைப்பில் அமைந்த இது, 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. கானாவும் பறையும் ராக்கும் ராப்பும் சேர்ந்த அதன் முதல் தொகுப்பு 'மகிழ்ச்சி' அதே ஆண்டு வெளிவந்தது. முதல் நிகழ்ச்சிக்கும் முதல் தொகுப்புக்கும் இடையே ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

பாவலர் பாட்டை இன்று தேடுவது

பாவலர் வரதராஜனின் பாடல்கள் இன்று பெரும்பாலும் சொற்களாகவும், தம்பிகள் மேடைகளிலும் நேர்காணல்களிலும் நினைவிலிருந்து பாடிக் காட்டும் துண்டுகளாகவும் கிடைக்கின்றன. அவற்றை மீட்டுக் கேட்க விரும்புகிறவர்களுக்கு, இரவல் மெட்டு ஓர் எதிர்பாராத உதவியைச் செய்திருக்கிறது. எந்தத் திரைப்பாடலின் மெட்டில் ஒரு பாட்டு கட்டப்பட்டது என்று தெரிந்தால், அந்தத் திரைப்பாடல் இசைத்தட்டில் பத்திரமாக இருக்கிறது. அதன்மேல் பாவலரின் சொற்களை வைத்துப் பாடிப் பார்க்கலாம். அசை எங்கே நீள்கிறது, கேலி எந்த இடத்தில் விழுகிறது என்பது அப்போது தெரியவரும். ஆர்மோனியத்தில் பதின்வயது ராசய்யா அந்த மெட்டை எப்படி வாசித்தார் என்பதை மட்டும் அப்படி மீட்க முடியாது.